தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களை என் மாணவி ஒருத்தி வாசித்துக் காட்டினாள். வாட்ஸ்அப்பில் குரலாக வந்தவற்றை நானே கேட்டேன். இந்தப் பகுதியைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம்: நான்கு வயதில் தட்டம்மை வந்து எனக்குப் பார்வை போனது. வளர்ந்தது திருப்பரங்குன்றத்தில். 18 வருடமாக மதுரைச் சிம்மக்கல்லில் ஒரு மாடி அறையில் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். கேட்டவர்களின் பெயரைப் போடுவதில்லை, ஊர் மட்டும்.

என் மகளுக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. பள்ளியில் பிரெயில் சொல்லித் தருகிறார்கள். கை வலிக்குது என்று அழுகிறாள். ‘இப்பத்தான் போனே எல்லாத்தையும் வாசிக்குதே, இந்தப் புள்ளி எதுக்கு’ என்கிறார் என் கொழுந்தனார். நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், உசிலம்பட்டி

நிறுத்திவிடாதீர்கள் அம்மா. இன்று ராத்திரி ஒரு காரியம் செய்து பாருங்கள். யாரையாவது ‘பனி’, ‘பணி’ என்று போனில் எழுதி அதைப் பேசவிடச் சொல்லுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பிறகு ‘அரம்’, ‘அறம்’. பிறகு ‘கலை’, ‘களை’. எது எது என்று பிரிக்க முடிகிறதா? உங்களுக்கு ஏற்கெனவே எழுத்து தெரியும், அதனால் எப்படியாவது ஊகித்துவிடுவீர்கள். அந்தச் சொல் முதல்முதலாகக் காது வழியாக மட்டுமே வந்தால் உங்கள் மகள் எதை வைத்து ஊகிப்பாள்?

என்னிடம் ஒரு பையன் வந்தான். பி.ஏ. முடித்தவன், கெட்டிக்காரன். ஆறாம் வகுப்பிலேயே பிரெயிலை விட்டுவிட்டுக் கேட்டுக் கேட்டே படித்தவன். வேலைக்கு அடித்த விண்ணப்பத்தில் ‘பனிவுடன்’ என்று இருந்தது. ‘கல்லூரி’ என்பது ‘கள்ளூரி’ என்று இருந்தது. அவன்மேல் தப்பில்லை. அந்தச் சொற்களை அவன் விரலுக்கு யாரும் காட்டவில்லை. 22 வயதில் மறுபடி அ, ஆவிலிருந்து தொடங்கினோம். கணக்கும் அப்படித்தான். நீள் வகுத்தலைக் காதில் வைத்துக்கொண்டு போட முடியாது. மேல்வரிக்கும் கீழ்வரிக்கும் விரல் போய்ப் போய் வர வேண்டும்.

பிரெயிலில் ஒவ்வோர் எழுத்தும் விரலால் தடவி வாசிக்கும் ஆறு புள்ளிக்குள் அடங்கும். அந்த ஆறு புள்ளியைக் கண்டுபிடித்ததும் ஒரு பிள்ளைதான். பிரான்சில் கூப்வ்ரே என்ற ஊரில், குதிரைச் சேணம் தைக்கும் அப்பாவின் பட்டறையில் விளையாடும்போது மூன்று வயதில் கூர்ஊசி கண்ணில் குத்தியது லூயி பிரெயிலுக்கு. அவருக்கு முன்னாலேயே பார்பியே என்பவர் 12 புள்ளியில் ஒரு முறை வைத்திருந்தார். அதில் இரண்டு குறை. ஒன்று, 12 புள்ளி விரல் நுனிக்குள் அடங்காது. இரண்டாவது, அது ஒலியை எழுதியது, எழுத்தை எழுதவில்லை. உங்கள் கொழுந்தனார் சொல்லும் போன் மாதிரியேதான். தன் விரலால் வாசித்துப் பார்த்தவர் என்பதால் பிரெயிலுக்கு இரண்டும் உறைத்தன. 1824-ல், 15 வயதில், ஆறு புள்ளிக்குள் எழுத்தையே கொண்டுவந்துவிட்டார். நம் மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெயில் வந்தது 1951-ல். அதில் ‘க’ என்றால் ஒன்றாம் புள்ளியும் மூன்றாம் புள்ளியும். தமிழிலும் அதே, இந்தியிலும் அதே. உங்கள் மகள் நாளைக்கு இன்னொரு மொழி படிக்கப் போனால் விரல் பாதி தூரம் முன்னாலேயே போயிருக்கும்.

கை வலிக்கு வருவோம். கெட்டித் தாளில் குத்தினால் எந்தக் குழந்தைக்கும் வலிக்கும். வீட்டில் பழகப் பழைய வார இதழ்த் தாள் போதும். புள்ளி குத்தும் எழுத்தாணியின் குமிழ் உள்ளங்கைக்குள் பதிந்து உட்காரட்டும், ஆள்காட்டி விரல் மேலே வரட்டும். விரல் நுனியால் மட்டும் பிடித்தால்தான் வலி. கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாக வாசிப்பது முதல் ஆறு மாதம் குழப்பத்தான் செய்யும். அதற்காக மட்டும் திட்டிவிடாதீர்கள்.

என் அம்மா மல்லிகைப்பூ கட்டி விற்றவர். விடுதியிலிருந்து லீவுக்கு வந்தால் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார். ஈரத் துணியில் கிடக்கும் மொட்டை இரண்டிரண்டாக எடுத்து, காம்பைச் சேர்த்து வைத்து, வாழைநாரில் முடிச்சுப் போடுவேன். எது இறுகின மொட்டு, எது இன்றைக்கே விரியப்போவது, எது பழுத்தது என்று விரல் தானாகப் பிரித்துவிடும். அந்த விரல்தான் என்னைப் படிக்க வைத்தது. உங்கள் பக்கம் மொச்சைக்கும் தட்டைப்பயறுக்கும் பஞ்சமில்லை. இரண்டையும் கலந்து ஒரு சுளகில் கொட்டி மகளிடம் கொடுங்கள்.

ரோட்டு விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஷூ போட்ட செயற்கைக் கால் கொடுத்தார்கள். வயலில் இறங்க முடியவில்லை, பந்தியில் சம்மணம் போட முடியவில்லை. லட்சக்கணக்கில் செலவழித்தால் வெளிநாட்டுக் கால் கிடைக்கும் என்கிறான் அண்ணன் மகன். ஒரு ஏக்கரை அடகு வைக்கலாமா?
– விவசாயி, மேலூர்

வைக்காதீர்கள் அண்ணே. குறைந்தது இந்த வருடம் வைக்காதீர்கள்.

என் தாய்மாமாவுக்கும் உங்களைப் போலத்தான். உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, ‘ஆபரேஷன் ஆகி எத்தனை மாசம்?’ என்று. துண்டான கால் முதல் பல மாதம் வற்றிக்கொண்டே வரும். துண்டான கால் போய் உட்காரும் கப்பு, இன்றைக்கு அளவெடுத்தது, ஆறு மாதத்தில் லொடலொடவென்று ஆடும், உரசும், புண்ணாகும். முதல் காலுக்கே லட்சம் லட்சமாகக் கொட்டினால் அது அத்தனையும் பரணுக்குப் போகும். ‘பாதத்தைப் பார்த்து மயங்காதே, கப்பு சரியா உட்காருதான்னு பாரு’ என்றார் மாமா. சர்க்கரை நோய் இருந்தால் தினமும் ராத்திரி கண்ணாடியை வைத்துத் துண்டான காலின் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொன்னார்.

மாமாவின் முதல் கால் உண்மையிலேயே பரணுக்குத்தான் போனது. அதுவும் ஷூ போட்டது. அந்தப் பாதத்துக்கு உள்ளே மரக்கட்டை இருக்கும், கணுக்கால் மடியாது. நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் சாப்பிட்டு, வீட்டுக்குள்ளும் செருப்போடு நடக்கிறவர்களுக்காகச் செய்தது. அவர்களுக்கு அது நல்ல கால்தான். மாமாவுக்குக் குன்றத்துக் கோயிலுக்குள் ஷூவோடு போக முடியாது, ஷூவைக் கழற்றினால் நிற்க முடியாது. அதனால் ஒரு வருடம் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவரும் சொல்லவில்லை.

இதே சங்கடத்தை ஜெய்ப்பூரில் ஒருவர் கவனித்தார். ராம் சந்தர் சர்மா, கைவினைக் கலைஞர். மாஸ்டர்ஜி என்று கூப்பிடுவார்கள். பெரிய படிப்பு இல்லை. எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியோடு சேர்ந்து 1968 வாக்கில் ரப்பரில் ஒரு பாதம் வார்த்தார். லாரி டயருக்கு ரப்பர் போடும் பட்டறையில் அந்த யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். பார்க்க வெறுங்கால் மாதிரியே இருக்கும் என்கிறார்கள். நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன், விரல்கள் கூடத் தனித்தனியாக இருக்கின்றன. கணுக்கால் எல்லாப் பக்கமும் வளைந்து கொடுக்கும். குத்த வைக்கலாம், வரப்பில் நடக்கலாம், சேற்றில் இறங்கலாம், மரம்கூட ஏறுகிறார்கள். 1975-ல் தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி என்ற அமைப்பு அதை இலவசமாகவே பொருத்துகிறது. பல ஊர்களில் முகாமும் போடுகிறார்கள். நம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே போய், ‘வயலில் இறங்குகிற கால் வேண்டும், தரையில் உட்காருகிற கால் வேண்டும்’ என்று இரண்டையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கால் வேண்டும் என்று மட்டும் சொன்னால் கையில் இருப்பதைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

முழங்காலுக்கு மேலே போனவர்களுக்குக் கணக்கு வேறு. அதில் மூட்டும் வேண்டும். நல்ல மூட்டுக்குக் காசு செலவழிப்பது சில சமயம் சரிதான். உங்களுக்கு முழங்கால் தப்பியிருக்கிறது அண்ணே, அது பெரிய முதல்.

மாமா இரண்டாவது காலோடு கோயிலுக்குள் போன அன்று நானும் கூடப் போயிருந்தேன். என் கையை அவர் பிடித்திருந்தாரா, அவர் கையை நான் பிடித்திருந்தேனா, நினைவில்லை.

நடைபாதையில் பனியன், கைக்குட்டை போட்டு விற்கிறேன். போன வாரம் பார்வை இல்லாத ஒரு தம்பி என் கடை மேல் மோதி விழுந்துவிட்டார். தரையில் இருக்கும் மஞ்சள் ஓடு அவர்களுக்கான வழி என்று அப்போதுதான் தெரிந்தது. இடத்தை விட்டால் பிழைப்பு போகும். என்ன செய்ய?
– டவுன்ஹால் ரோடு, மதுரை

நீங்கள் எழுதிக் கேட்டதே எனக்குப் பெரிய சந்தோஷம். இடத்தை விட வேண்டாம். ஓட்டின் இரண்டு பக்கமும் ஒரு முழம் விட்டுத் துணியை விரியுங்கள். வெள்ளைக்கோல் இடமும் வலமும் வீசுவதற்கு அந்த இடம் போதும்.

அந்த ஓட்டில் நீளக் கோடு இருந்தால் ‘நட’ என்று பொருள். குமிழ் குமிழாக இருந்தால் ‘நில், இங்கே ஏதோ மாறுகிறது’ என்று பொருள். ஜப்பானில் செய்ச்சி மியாக்கே என்பவர் உண்டாக்கியது. 1967-ல் ஒக்காயாமா நகரத்தில் பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்துச் சாலையில் முதன்முதலாகப் பதித்தார்கள். அங்கிருந்து உலகம் முழுக்கப் போய், இப்போது நம் தெருவுக்கும் வந்துவிட்டது. ஓடு வந்ததே தவிர, அதன் பாஷையை யாரும் கூடவே கொண்டுவரவில்லை. ஓர் இடத்தில் நான் கோட்டைப் பிடித்து நடந்து போய் நேராக மின்கம்பத்தில் இடித்துக்கொண்டேன். இன்னோர் இடத்தில் அழகுக்காகக் குமிழ் ஓட்டை வரிசையாகப் பதித்திருந்தார்கள். அடிக்கு அடி ‘நில், நில், நில்’ என்று சொன்னது. பதிக்கும் முன்னால் எங்களில் ஒருவரைக் கூப்பிட்டு நடக்கச் சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

அந்தத் தம்பி மறுபடி வந்தால் ‘கடை இந்தப் பக்கம் இருக்கு தம்பி’ என்று ஒரு குரல் கொடுங்கள். உங்கள் குரலே அவருக்கு அடையாளமாகிவிடும்.

பார்வையற்ற மாணவி நான். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன். தோழிகள் அனுப்பும் தமிழ்க் குறிப்புகளைத் திறந்தால் போன் ‘எம் கே அரைப்புள்ளி’ என்று உளறுகிறது. சில கோப்புகளில் வாயே திறப்பதில்லை. போன் பழுதா?
– கல்லூரி மாணவி, மதுரை

போனில் பழுதில்லை பாப்பா. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே என் 18 வருடத்தில் பாதி போயிருக்கிறது.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள். கம்ப்யூட்டருக்குள்ளே உட்கார்ந்திருப்பது என்ன தெரியுமா? எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். எல்லாம் ஆங்கில எழுத்து. மேலே தமிழ்ச் சட்டை மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான். கண்ணுள்ளவர்கள் சட்டையைப் பார்த்து வாசிக்கிறார்கள். உன் போனில் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக்குக்கும் என் கம்ப்யூட்டரில் அதே வேலையைச் செய்யும் என்விடிஏவுக்கும் சட்டை தெரியாது, உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். யூனிகோடில் அடித்தால் உள்ளேயும் தமிழே இருக்கும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் போன மாதம்கூட ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த சுற்றறிக்கை பழைய எழுத்துருவில்தான் இருந்தது. மாற்றுத்திறனாளிகள் கூட்டத்துக்கு அழைப்பு அது. வாசிக்க முடியாமல் தேதி போய்விட்டது.

செய்ய வேண்டியது: உளறுகிற கோப்பை எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடாக்கிக்கொள். இலவசமாகவே பல இருக்கின்றன. என்ன எழுத்துரு என்று தோழியிடம் கேட்டுக்கொண்டால் வேலை சுலபம். வாயே திறக்காத கோப்பு வெறும் போட்டோ. அதை கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாற்றிக் கொடுக்கும். ஆனால் ஒன்றைக் கவனி. அச்சில் ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோல இருப்பதால் இயந்திரம் அடிக்கடி ஏமாறும். ‘வரலாறு’ என்பது ‘வாலாறு’ என்று காதில் விழும். அப்படி எதாவது வந்தால் பயந்து நிற்காமல் ‘ர’வைப் போட்டு நினைத்துப் பார். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

பாடப்புத்தகத்தை ஸ்கேன் செய்வது குற்றமோ என்று பல பிள்ளைகள் பயப்படுகிறார்கள். இல்லை. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, நமக்கு வாசிக்கத் தோதான வடிவில் மாற்றிக்கொள்ள அனுமதி கொடுத்துவிட்டார்கள். 2013-ல் மொராக்கோவின் மராக்கேஷில் இதற்காக ஓர் உலக ஒப்பந்தம் போட்டார்கள். அதை 2014-ல் முதல் நாடாக ஏற்று உறுதி செய்தது இந்தியா. அதனால் ஆசிரியரிடம் தயங்காமல் கேள்.

என்விடிஏவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்பு நாங்கள் ஏங்கிய மென்பொருளின் விலை எங்கள் வீட்டின் பல மாதச் சம்பளம். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-ல் இதை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே என்ற இன்னொரு பார்வையற்ற நண்பர் சேர்ந்துகொண்டார். காசு வாங்காமல் உலகத்துக்கே கொடுத்தார்கள். அதன் தமிழ்க் குரல் தகரத்தில் தட்டியது போல இருக்கும். பிள்ளைகள் முதல் நாள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தக் குரல்தான் பிடிக்கும். எவ்வளவு வேகத்தில் ஓட்டினாலும் எழுத்து சிதையாது.

அந்தத் தகரக் குரலில் நான் முதலில் வாசித்தது சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம். சுவிட்சர்லாந்தில் இருக்கும் கல்யாணசுந்தரம் என்ற விஞ்ஞானி 1998 பொங்கலன்று தொடங்கிய மின்னூல் திட்டத்துக்கு, சங்கம் வைத்த ஊர் என்பதால், மதுரைத் திட்டம் என்று பெயர். உலகத்தின் பல மூலையிலிருந்து தமிழர்கள் சம்பளம் இல்லாமல் தட்டச்சுச் செய்த நூல்கள் அவை. பள்ளியில் அந்தக் காண்டத்தை யாராவது வாசிக்கத்தான் கேட்டிருந்தேன், அவர்களுக்கு அலுக்கும் வரைக்கும். அன்று ராத்திரி யாரையும் கெஞ்சாமல், வேண்டிய வரியில் நிறுத்தி, வேண்டிய வரிக்குத் திரும்பிப் போய், கண்ணகி ஊருக்குள் வருகிற இடத்தை நான்கு தடவை வாசித்தேன். வெளியே பால் வண்டிச் சத்தம் கேட்டபோதுதான் விடிந்தது தெரிந்தது.

நம் ஊர்ப் பூரணசுந்தரி 2020-ல் வந்த குடிமைப் பணித் தேர்வு முடிவில் 286-ஆம் இடம் பிடித்தார். அவரும் நம்மைப் போலத்தான். படி பாப்பா. கோப்பு எதுவும் திறக்கவில்லை என்றால் சிம்மக்கல்லுக்கு வந்துவிடு.

‘இங்கே வந்துவிடு, பார்வையற்றவர்களுக்கு எல்லாம் வசதி’ என்கிறான் அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகன். நம் நாட்டில் நமக்கு எதுவுமே இல்லையா?
– திண்டுக்கல்

பேருந்துக்கும் நடைபாதைக்கும் அவன் சொல்வது சரி. ஆனால் நூறு டாலரையும் ஒரு டாலரையும் உன் கையில் கொடுத்து எது எது என்று கேட்கச் சொல் தம்பி. அந்த ஊர் நோட்டு எல்லாம் ஒரே நீளம், ஒரே அகலம். தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. அங்கே பார்வையற்றவர்கள் வழக்குப் போட்டு 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். நம் ரூபாய் நோட்டு மதிப்புக்குத் தக்கபடி நீளம் மாறும். ஆனால் இப்போது வரும் 100, 200, 500 ஒவ்வொன்றுக்கும் இடையே நான்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நூறிலிருந்து மேலே ஓரத்தில் மேடான கோடுகளும் இருக்கின்றன. மீன் மார்க்கெட்டுக்கு இரண்டு முறை போய் வந்தால் அவை தேய்ந்துவிடும். ரிசர்வ் வங்கியின் ‘மணி’ செயலி 2020-லிருந்து இருக்கிறது, நோட்டைக் காட்டினால் சொல்லும். 2019-ல் அறிவித்த 20 ரூபாய் நாணயத்துக்குப் பன்னிரண்டு பக்கம். அதைத் தொட்டவுடன் தெரிந்துவிடும். செய்தவர் கையை நான் கும்பிடுவேன்.

அந்த ஊர் வசதியும் சும்மா வரவில்லை. 1990 மார்ச்சில் வாஷிங்டன் நாடாளுமன்றப் படிக்கட்டில் ஊனமுற்றவர்கள் சக்கர நாற்காலியையும் ஊன்றுகோலையும் கீழே விட்டுவிட்டுத் தவழ்ந்து ஏறினார்கள். சின்னப் பிள்ளைகூட ஏறியது. அந்த வருடம் ஜூலையில்தான் அவர்கள் உரிமைக்கான சட்டம் வந்தது. போவதென்றால் போய் வா. இங்கே இருப்பதென்றால் நம் 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை ஒரு முறை முழுக்க வாசித்துவிடு. அரசு வேலையில் 4 சதவீதம், உயர்கல்வியில் 5 சதவீதம் இடம் அதில்தான் இருக்கிறது.

என் மகனுக்கு ஆறு வயது, காது கேட்காது. மெஷின் மாட்டியிருக்கிறோம். ‘கையை ஆட்டினால் பேச்சு வராது, கையைக் கட்டி வையுங்கள்’ என்கிறார் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். கட்டினால் அவன் தேம்பித் தேம்பி அழுகிறான்.
– விருதுநகர்

இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள் அம்மா.

1880-ல் இத்தாலியில் மிலான் நகரத்தில் கூடிய ஆசிரியர்கள், பள்ளிகளில் சைகை கூடாது, பேச்சு மட்டும்தான் என்று முடிவெடுத்தார்கள். முடிவெடுத்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் காது கேட்கிறவர்கள். நூறு வருடத்துக்கு மேல் உலகம் முழுக்கப் பிள்ளைகளின் கை கட்டப்பட்டது. 2010-ல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு அந்த முடிவைத் தள்ளி, வருத்தமும் தெரிவித்தது. உங்களுக்கு யோசனை சொன்னவர் காதுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. மெஷினும் இருக்கட்டும், பேச்சுப் பயிற்சியும் நடக்கட்டும், சைகையும் இருக்கட்டும். பிள்ளைக்குப் பசி என்று சொல்ல ஒரு மொழி இப்போதே வேண்டும்.

சைகை உலகத்துக்கெல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள். அமெரிக்கரும் ஆங்கிலேயரும் பேசுவது ஒரே ஆங்கிலம்தான், ஆனால் அவர்கள் சைகை வேறு வேறு. நமக்கு இந்தியச் சைகை மொழி. அதற்கென்றே 2015-ல் டெல்லியில் ஒரு மையம் வந்தது. 10,000 சொற்களுக்கு வீடியோ அகராதி வைத்திருக்கிறார்கள். மகனோடு சேர்ந்து வீட்டில் எல்லோரும் தினம் ஐந்து சொல் படியுங்கள், அப்பத்தாவையும் சேர்த்து.

எங்கள் பள்ளி வளாகத்தில் காது கேளாத பிள்ளைகளும் இருந்தார்கள். என் தோழி ஒருத்தியின் சைகை எனக்குத் தெரியாது, என் பேச்சு அவளுக்குக் கேட்காது. அவள் என் உள்ளங்கையில் விரலால் எழுதுவாள். அச்சுத் தமிழ் எழுத்து எப்படி வளையும் என்று எனக்குக் காட்டியது அவள்தான். இப்போது அவள் கணவரோடு வீடியோ காலில் மணிக்கணக்கில் பேசுகிறாள் என்று அவள் மகள் சொல்லிக் கேட்கும்போது எனக்கு மனம் நிறைந்துவிடும்.

போனில் வங்கிக் கணக்குத் தொடங்கப் போனால் ‘கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டவும்’ என்கிறது. எனக்கு இரண்டு கண்ணும் செயற்கைக் கண்.
– வாடிப்பட்டி

எனக்கும் நடந்தது தம்பி. ஒரு வங்கியில் மூன்று முறை சிமிட்டியும் ‘நீங்கள் உயிருள்ள நபர் என உறுதியாகவில்லை’ என்று வந்தது. கவுண்டரில் இருந்த பெண், ‘யாரையாவது கூட்டிட்டு வாங்க’ என்றார். அன்று நான் யாரையும் கூட்டிப் போகவில்லை, வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அமில வீச்சில் கண் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணும் பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரும் தொடுத்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. டிஜிட்டல் வசதியை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையில் சேர்ந்தது என்றும், கண் சிமிட்டுவதற்கு மாற்று வழி வைக்க வேண்டும் என்றும் உத்தரவு. இருபது கட்டளைகள் போட்டிருக்கிறார்கள். தீர்ப்பின் தேதியை எழுதி, கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்காதீர்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

தையல்தான் என் பிழைப்பு. மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிக்கொண்டு வருகின்றன. கத்திரி பிடிக்க முடியவில்லை. தொழிலை விட்டுவிடத்தான் வேண்டுமா?
– செல்லூர்

அக்கா, நம் ஊரில் கோணின விரலோடு ஒருவர் கண் ஆபரேஷனே செய்தார். டாக்டர் ஜி. வெங்கடசாமி. வாலிப வயதிலேயே மூட்டுவாதம் வந்து படுக்கையில் கிடந்தவர். தன் கைக்குத் தக்கபடி கருவிகளை மாற்றிச் செய்துகொண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன் செய்தார். 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல், 11 படுக்கையோடு அண்ணா நகரில் அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. கை கருவிக்குப் பழகவில்லை, கருவியைக் கைக்குப் பழக்கினார்.

கத்திரியின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்குங்கள். தானாக விரியும் ஸ்பிரிங் கத்திரி கிடைக்கிறது, அதை அமுக்கினால் போதும், விரிக்க வேண்டாம். மெஷினுக்கு மோட்டார் போடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் பெரியாஸ்பத்திரியிலோ வேறு எங்கேயோ ஒரு மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். சீக்கிரம் மருந்து தொடங்கினால் விரல் மேலும் கோணுவதைப் பெருமளவு தடுக்கலாம். கை வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள்.

மாசி வீதியில் கையைப் பிடித்து இழுத்து ரோட்டைத் தாண்ட விடுகிறார்கள் என்று போன இதழில் வருத்தப்பட்டிருந்தாய். நானும் அப்படிச் செய்தவள்தான். வேறு எப்படி உதவுவது ஆத்தா?
– ஒரு பாட்டி, சோழவந்தான்

ஆச்சி, முதலில் ‘உதவி வேணுமா?’ என்று கேளுங்கள். வேண்டும் என்றால் உங்கள் முழங்கையை நீட்டுங்கள், நாங்கள் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவோம். நீங்கள் படி ஏறுவதும் இறங்குவதும் உங்கள் கை வழியாகவே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

மீனாட்சி கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று கட்டத்துக்குள் கட்டமாகத் தெருவைப் போட்டிருக்கிறார்கள். அதனால் எனக்கு வழி தவறுவதில்லை. எண்ணிக்கொண்டே போவேன், பூக்கடை வாசமும் பாத்திரக்கடைச் சத்தமும் மூலையைச் சொல்லும். ஆகையால் பெரும்பாலும் ‘வேணாம் ஆச்சி, போயிக்கிருவேன்’ என்றுதான் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சித்திரைத் திருவிழா பன்னிரண்டு நாளும் மட்டும் மேளத்திலும் கூட்டத்திலும் என் அடையாளமெல்லாம் முங்கிப்போகும். அப்போது கேட்டீர்கள் என்றால் கட்டாயம் கையைக் கொடுப்பேன்.